பேசிக் பயிற்சி முடிந்த நாய்க்கு அடுத்து என்ன? நான்கு வழிகளின் ஒப்பீடு

சிட், டவுன், ஸ்டே, கம், ஹீல் (பக்கத்தில் ஒட்டி நடப்பது). ஐந்தும் நாய்க்குத் தெரியும், ஹாலில் சொன்னால் உடனே செய்யும். கேட்டைத் தாண்டிவிட்டால் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது. இந்தக் கட்டத்தில் ட்ரெய்னர், “அட்வான்ஸ்டு கோர்ஸ் எடுத்துடுங்க சார்” என்கிறார். இன்னொருவர் ஒரு மாதம் போர்டிங்கில், அதாவது நாய்களைத் தங்கவைத்துப் பயிற்சி தரும் இடத்தில், விடச் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், ஞாயிற்றுக்கிழமை குரூப் கிளாஸுக்குப் போனாலே போதும் என்கிறார். வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இதுதான்: இதில் எதற்குப் பணம் கட்டுவது, அல்லது பணமே கட்டாமல் நாமே செய்துகொள்ளலாமா?

இந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்குப் புதுக் கட்டளைகள் தேவையில்லை. தெரிந்த ஐந்தையே தெருவில், லிஃப்டில், விருந்தாளி வந்த நேரத்தில் செய்யப் பழக வேண்டும். இதை மனத்தில் வைத்துப் பார்த்தால் நான்கு வழிகளின் பலமும் பலவீனமும் தெளிவாகத் தெரியும்.

## முதலில், உங்கள் நாய் எந்த நிலையில் இருக்கிறது?

நாய் ‘சிட்’ என்ற ஒலியை மட்டும் தனியாகக் கற்பதில்லை. ஹால், உங்கள் முகம் அதற்கு நேராக இருப்பது, வலது கையில் ட்ரீட், சுற்றிலும் அமைதி என எல்லாமே அந்தப் பாடத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. அதனால் ஹாலில் பத்துக்குப் பத்து வாங்கும் நாய் பார்க்கிங்கில் மூன்று வாங்கினால், அதைத் திமிர் என்று நினைக்க வேண்டாம். அந்த இடத்தில் அதற்கு அந்தப் பாடம் இன்னும் நடத்தப்படவில்லை.

நிலை உயர்வது மூன்று அளவுகளில்: எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், எவ்வளவு கவனச்சிதறல். ஒன்றைக் கூட்டும்போது மற்ற இரண்டையும் குறைக்க வேண்டும். ஹாலில் 30 விநாடி ஸ்டே இருக்கும் நாயைத் தெருவுக்குக் கொண்டுபோன முதல் நாள் 3 விநாடி கேளுங்கள், அதுவும் ஓர் அடி தூரத்தில் நின்று. இந்த ஒரு விதியை மீறுவதால்தான் பாதிப் பயிற்சிகள் தெருவில் உடைகின்றன.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு வாரம் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். ஹால், மொட்டை மாடி, பார்க்கிங் அல்லது கேட்டுக்கு உட்புறம், காலை ஆறு மணித் தெரு என நான்கு இடங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு கட்டளையையும் 10 முறை சொல்லிப் பார்த்து எழுதுங்கள். ஒரே நாளில் முடிக்க முயல வேண்டாம். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடத்தோடு நிறுத்திவிடுங்கள். கணக்கில் வருவதற்கான நிபந்தனை: சாதாரணக் குரலில் ஒரே முறை சொல்லி, கையில் ட்ரீட் காட்டாமல், 3 விநாடிக்குள் செய்ய வேண்டும். செய்த பிறகு பையிலிருந்து எடுத்துத் தரலாம். ஸ்டேவுக்கு 10 விநாடி அசையாமல் இருப்பதும், ஹீலுக்கு லீஷ் இறுகாமல் 10 அடி நடப்பதும் போதும்.

8 அல்லது அதற்கு மேல் வந்தால் அந்தக் கட்டளை அந்த இடத்தில் தேறிவிட்டது, அடுத்த இடத்துக்குப் போகலாம். 5 முதல் 7 என்றால் அங்கேயே தொடர வேண்டும். அதற்கும் குறைந்தால் முந்தைய இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

சராசரி மட்டும் போடாதீர்கள். அமெரிக்கன் கென்னல் கிளப் 1936 முதல் நடத்திவரும் கீழ்ப்படிதல் போட்டிகளில் நோவிஸ், ஓப்பன், யூட்டிலிட்டி என்று மூன்று படிகள் உண்டு. மொத்தம் 200 மதிப்பெண், தேர்ச்சிக்கு 170. ஆனால் 170 வாங்கினால் மட்டும் போதாது, ஒவ்வொரு பயிற்சியிலும் தனித்தனியாகப் பாதிக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். ஒன்றில் விழுந்தால் அன்றைய தேர்ச்சி போயிற்று. வீட்டுக்கும் இதே நியாயம்தான். சிட் 10, டவுன் 10, கம் 2 என்றால் அந்த நாய் ‘ஓரளவு பரவாயில்லை’ என்று சொல்ல முடியாது. லீஷ் கைநழுவினால் லாரிக்கு அடியில் போகக்கூடிய நாய் அது.

இந்தத் தாள் கையில் இருந்தால் ட்ரெய்னரிடம் பேச்சே வேறு மாதிரி இருக்கும். “அட்வான்ஸ்டு எவ்வளவு?” என்று கேட்க மாட்டீர்கள். “தெருவில் கம் இரண்டுதான் வருகிறது, அதை எட்டாக்க என்ன செய்வீர்கள்?” என்று கேட்பீர்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

முதல் அளவுகோல், லீஷ் உங்கள் கையில் இருக்கும் நேரம். கட்டணத்தைப் பயிற்சி நேரத்தால் வகுப்பதைவிட, நீங்களோ வீட்டில் ஒருவரோ லீஷைப் பிடித்திருந்த நேரத்தால் வகுத்துப் பாருங்கள். கணக்கு விளங்க ஒரு பேச்சுக்கு எண்கள் வைத்துக்கொள்வோம், இவை சந்தை விலை அல்ல. வீட்டுக்கு வரும் ட்ரெய்னருக்கு 24 மணி நேரத்துக்கு 12,000 ரூபாய் என்றால் மணிக்கு 500. அதில் லீஷ் உங்கள் கையில் இருந்தது 6 மணி நேரம் என்றால் உண்மையான விலை மணிக்கு 2,000. போர்டிங்குக்கு 30,000 கட்டி, கடைசி நாள் ஒரு மணி நேரம் மட்டும் உங்களிடம் ஒப்படைத்துக் காட்டினார்கள் என்றால் மணிக்கு 30,000.

இரண்டாவது, பயிற்சி நடக்கும் இடத்துக்கும் நாய் வாழும் இடத்துக்கும் உள்ள இடைவெளி. மூன்றாவது, நேரம், தூரம், கவனச்சிதறல் மூன்றில் உங்கள் நாய் எதில் பின்தங்குகிறது என்பது. கவனச்சிதறல்தான் பிரச்சினை என்றால் அமைதியான இடத்தில் நடக்கும் பயிற்சியால் பயனில்லை. நான்காவது, வீட்டில் எத்தனை பேர் நாயைக் கையாளுகிறார்கள் என்பது. ஐந்தாவது, முறை உங்கள் கண்ணெதிரே நடக்கிறதா என்பது. இந்த ஐந்தாவதை எந்தத் தள்ளுபடிக்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

## வழி 1: நீங்களே தொடர்வது

தினமும் மொத்தம் 15 நிமிடம் போதும், ஆனால் ஒரே மூச்சில் வேண்டாம். காலை நடையில் 3 நிமிடம், சாப்பாட்டுக்கு முன் 3 நிமிடம், மாலை கேட் அருகே 3 நிமிடம் என்று ஐந்து தடவையாகப் பிரித்துச் செய்தால் நாய் சலிக்காது.

செலவு குறைவு. சாதாரண 6 அடி லீஷ், 10 மீட்டர் நீளக் கயிறு, முதுகுப் பக்கம் வளையம் உள்ள ஹார்னெஸ் (நாயின் மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை), இடுப்பில் மாட்டும் ட்ரீட் பை. உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழியைப் பொட்டுக்கடலை அளவுக்கு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிய துண்டு தேவையில்லை. ட்ரீட் எல்லாம் சேர்ந்து ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, அந்த அளவுக்குச் சாப்பாட்டைக் குறைத்துவிடுங்கள்.

இந்த வழியில் மிகச் சிறப்பாக வளர்வது ‘கம்’. நீளக் கயிற்றை ஹார்னெஸில்தான் மாட்ட வேண்டும். காலரில் மாட்டினால் நாய் ஓடிப்போய்க் கயிறு முடிகிற இடத்தில் கழுத்து வெட்டி இழுக்கும். நாய் எதையோ முகர்ந்து முடித்துத் தலையைத் தூக்கும் நேரம் பார்த்து ஒரே முறை கூப்பிடுங்கள், இரண்டடி பின்னால் நகருங்கள், வந்ததும் மூன்று நான்கு துண்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுங்கள், பிறகு “போ” என்று திரும்ப விளையாட அனுப்பிவிடுங்கள். பத்தில் ஒன்பது முறை திரும்ப அனுப்ப வேண்டும். கூப்பிட்டாலே லீஷ் மாட்டி வீட்டுக்குக் கூட்டிப்போவது, கூப்பிட்டுக் குளிப்பாட்டுவது, கூப்பிட்டுத் திட்டுவது, இவைதான் ‘கம்’ செத்துப்போவதற்குக் காரணம். ஏற்கெனவே அது கெட்டுப்போயிருந்தால் பழைய சொல்லைச் சரிசெய்ய முயல வேண்டாம். புதுச் சொல் ஒன்றை, அல்லது விசிலை, முதல் படியிலிருந்து பழக்குங்கள். ஆளுக்கு ஆள் “வா”, “கம்”, “இங்க வாடா” என்று சொல்லும் வீடுகளில் ஒரு சொல்லை முடிவுசெய்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்.

சிப்பிப்பாறையும் கன்னியும் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. முயல் வேட்டைக்காகக் கண்ணை நம்பி ஓடும்படி வளர்க்கப்பட்ட இனங்கள் இவை. ஓட ஆரம்பித்த பிறகு கூப்பிடுவது பெரும்பாலும் காதில் ஏறாது. காது நிமிர்ந்து உடல் உறையும் அந்த ஒரு விநாடியில் கூப்பிட வேண்டும். சோதனையில் பத்துக்குப் பத்து வாங்கினாலும் வேலி இல்லாத இடத்தில் கயிற்றைக் கழற்றாதீர்கள்.

மறைமுகச் செலவு, நம் தவறு நமக்குத் தெரியாமல் போவது. “சிட்... சிட்... சிட்” என்று மூன்று முறை சொல்லிப் பழக்கினால், மூன்றாவதில் உட்கார்ந்தால் போதும் என்று நாய் கற்றுக்கொள்கிறது. ட்ரீட்டை முதலில் காட்டிவிட்டுப் பிறகு கட்டளை சொல்பவருக்கு, ட்ரீட் இல்லாத நாளில் நாய் வேலை செய்யாது. வாரம் ஒருமுறை ஃபோனை ஜன்னல் விளிம்பில் வைத்து இரண்டு நிமிடம் வீடியோ எடுத்துப் பாருங்கள், முக்கால்வாசித் தவறு கண்ணில் படும்.

எப்போது இது சிறந்தது: சோதனையில் ஹாலிலும் மாடியிலும் நன்றாக வந்து, தெருவில் மட்டும் சரிகிறது, வீட்டில் ஒருவராவது தினமும் நேரம் ஒதுக்க முடியும் என்றால். எப்போது கூடாது: நாய் கடித்திருந்தால், சாப்பாட்டருகே உறுமினால், பிற நாய்களைப் பார்த்துப் பாய்ந்தால். அங்கே அனுபவமுள்ளவர் நேரில் பார்க்க வேண்டும். அதற்கும் முன் கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும், ஏனென்றால் காது வலியும் இடுப்பு மூட்டு வலியும் உள்ள நாய்களும் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

## வழி 2: வீட்டுக்கு வரும் ட்ரெய்னர்

நம் ஊர்களில் அதிகம் பேர் எடுப்பது இதுதான். சரியாக நடந்தால் நான்கிலும் இதுவே நல்ல வழி என்பது எங்கள் கருத்து. சரியாக நடப்பதுதான் அரிது.

வழக்கமான ஏற்பாடு: ட்ரெய்னர் தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு மணி நேரம் வருவார், நாயை வெளியே கூட்டிப்போவார், திரும்பக் கொண்டுவந்து விடுவார். அந்த நேரத்தில் வீட்டுக்காரர் குளித்துக்கொண்டிருப்பார் அல்லது ஆஃபீஸ் காலில் இருப்பார். இரண்டு மாதம் கழித்து, “அவர் சொன்னா கேக்குது, நான் சொன்னா கேக்க மாட்டேங்குது” என்பார். ட்ரெய்னரின் வருகையே நாய்க்கு ஒரு சைகையாகிவிட்டது என்பது இதன் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் வயது. பிரிட்டனில் வழிகாட்டி நாய்களாக வளர்க்கப்பட்ட குட்டிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2020-இல் வெளியானது. 5 மாதத்தில் இருந்ததைவிட 8 மாதத்தில் அவை வளர்ப்பவர் சொன்ன ‘சிட்’டைக் குறைவாகவே கேட்டன. அறிமுகமில்லாதவர் சொன்னபோது அப்படிக் குறையவில்லை. உங்கள் நாய்க்கு இப்போது ஏழு முதல் பத்து மாதம் என்றால், ட்ரெய்னரிடம் ஒழுங்காகவும் உங்களிடம் முரண்டாகவும் இருப்பதை வைத்து அவர் கெட்டிக்காரர், நீங்கள் தோற்றுவிட்டீர்கள் என்று முடிவுகட்ட வேண்டாம். அந்த வயதில் லீஷைப் பிடிக்கப் பழக வேண்டியவர் நீங்கள்தான்.

ஏற்பாட்டை மாற்றிக் கேளுங்கள். ஒரு மாதத்தில் 12 வருகைக்குப் பதிலாக, அதே 12 வருகையை வாரம் ஒன்றாகப் பரப்பித் தரச் சொல்லுங்கள். பீகிள் நாய்களை வைத்து டென்மார்க்கில் செய்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் பயிற்சி பெற்றவற்றைவிட வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை பெற்றவை குறைந்த அமர்வுகளிலேயே பாடத்தைக் கற்றன. நாள் கணக்கில் அதிகம் பிடிக்கும், அமர்வுக் கணக்கில் குறையும். வருகைக்கு இவ்வளவு என்று பணம் கட்டுபவருக்கு இது நேரடி லாபம். இடையில் கிடைக்கும் ஆறு நாளும் வீட்டுப்பாடத்துக்கு.

நல்ல வருகை எப்படி இருக்கும் என்பதற்கு லிஃப்டை எடுத்துக்கொள்வோம், அடுக்குமாடிவாசிகள் பலருக்கு அதுதான் தினசரித் தலைவலி. ட்ரெய்னர் பக்கத்தில் நின்று சொல்வார், லீஷ் உங்கள் கையில்.

1. மூடிய லிஃப்டிலிருந்து 3 மீட்டர் தள்ளி சிட். ஐந்து முறை ட்ரீட், திரும்பி நடை.
2. ஒரு மீட்டருக்கு வந்து பொத்தானை அழுத்துங்கள். கதவு திறந்திருக்கும்வரை விநாடிக்கு ஒரு துண்டு, மூடியதும் ட்ரீட் நிற்கும். உள்ளே போகக் கூடாது. ஐந்து முறை.
3. வீட்டில் ஒருவர் லிஃப்டுக்குள்ளிருந்து வெளியே வந்து, நாயைப் பார்க்காமல் கடந்து போக வேண்டும். ட்ரீட்டை நாயின் முன்னங்கால்களுக்கு நடுவே, கீழே கொடுங்கள். கையை உயர்த்திக் கொடுத்தால் நாய் எழுந்துவிடும்.
4. உள்ளே போனதும் பின்சுவர் மூலை. நாய் சுவருக்கும் உங்கள் காலுக்கும் நடுவே. ஒரே ஒரு மாடி மட்டும்.
5. கதவு திறந்தாலும் “ஓகே” சொல்லும்வரை வெளியே வரக் கூடாது.

லிஃப்டில் லீஷை இரண்டடிக்குள் சுருக்கிப் பிடியுங்கள். இழுத்தால் நீளும் ஃப்ளெக்ஸி லீஷ் லிஃப்டுக்குள் வேண்டவே வேண்டாம். நாய் உள்ளேயும் ஆள் வெளியேயும் இருக்கக் கதவு மூடிவிட்டால் கழுத்து இறுகி நாய் செத்துப்போகும் அபாயம் நிஜமானது. கதவைத் தாண்டும்போது நாய் உங்கள் காலை ஒட்டியே இருக்க வேண்டும்.

இந்த ஐந்து படிகளை மைதானத்திலும் நடத்த முடியாது, ஊருக்கு வெளியே உள்ள போர்டிங்கிலும் நடத்த முடியாது. வீட்டு வருகையின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது. உங்கள் கேட், உங்கள் காலிங்பெல், உங்கள் தெருமுனையில் படுத்திருக்கும் அதே நான்கு தெருநாய்கள்.

மறைமுகச் செலவுகளில் முக்கியமானது, முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டிவிட்டு நடுவில் விலக முடியாமல் போவது. அதோடு, ட்ரெய்னர் வரும் மாலை 5 மணி கோடையில் தார் ரோடு இன்னும் கொதிக்கும் நேரம். புறங்கையை ரோட்டில் 7 விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது, நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். மற்ற நாய்கள் நடுவே அமைதியாக இருப்பதை இந்த வழியில் முறையாகப் பழக்குவதும் கடினம். தெருநாய்களை நம் வசதிக்குத் தகுந்த தூரத்தில் நிறுத்திவைக்க முடியாதல்லவா.

## வழி 3: குரூப் கிளாஸ்

கட்டணம் குறைவு, கவனச்சிதறல் இலவசம். பிற நாய்களைக் கண்டால் துள்ளும், ஆனால் பாயாத நாய்க்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. லீஷ் முழுநேரமும் உங்கள் கையில்தான்.

சேருவதற்கு முன் ஒரு வகுப்பை நாய் இல்லாமல் போய்ப் பாருங்கள். ஒரு ட்ரெய்னருக்கு ஆறு நாய்க்கு மேல் இருந்தால் யோசியுங்கள். 60 நிமிடத்தில் ஆறு நாய் என்றால், உங்களைத் தனியாகப் பார்ப்பது பத்து நிமிடத்துக்கு மேல் இருக்காது. நாய்களுக்கு நடுவே குறைந்தது 3 மீட்டர் இடைவெளி விடுகிறார்களா, தடுப்பூசி அட்டையைக் கேட்கிறார்களா, நிழலும் தண்ணீரும் உண்டா என்று கவனியுங்கள். எல்லா நாய்களையும் முதல் நாளே மூக்கோடு மூக்கு வைத்து “ஃப்ரெண்ட் ஆகட்டும்” என்று விடும் வகுப்பு வேண்டாம். லீஷில் கட்டிய நாய்க்கு விலகிப்போக வழியில்லை, சண்டை அங்கேதான் தொடங்கும்.

மறைமுகச் செலவு பயணம். கார் இல்லாத வீட்டுக்கு நாயை ஏற்றும் ஆட்டோ கிடைப்பதே பாடு. காரில் வாந்தியெடுக்கும் நாய் வகுப்புக்கு வந்து சேரும்போதே களைத்துப்போய்விடும், அது கற்கும் நிலையில் இருக்காது. மைதானத்தில் வரும் மதிப்பெண் தெருவில் அப்படியே வராது என்பதையும் கணக்கில் வையுங்கள். வகுப்பில் கற்றதை வாரத்துக்கு நான்கு நாளாவது உங்கள் தெருவில் திரும்பச் செய்ய வேண்டும்.

பொருந்தாத நாய்கள்: பயந்து ஒடுங்குபவை, பிற நாய்களைக் கடிக்கப் பாய்பவை, தடுப்பூசி முடியாத குட்டிகள்.

இதிலேயே மேலே போனால் போட்டிக் களம் இருக்கிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் கீழ் நாய்க் கண்காட்சிகளோடு கீழ்ப்படிதல் போட்டிகளும் நடப்பதுண்டு. அங்கே ஹீல் என்றால் நாயின் தோள் உங்கள் இடது காலை ஒட்டி, நீங்கள் நின்றால் நின்று, தானாக உட்கார வேண்டும். துல்லியத்தில் ஆசையுள்ளவர்களுக்கு அருமையான பொழுது. தெருவில் இழுக்காமல் நடந்தால் போதும் என்பவருக்கு அவ்வளவு துல்லியம் தேவையில்லை.

## வழி 4: போர்டிங்கில் விட்டுப் பயிற்சி

மூன்று வாரம், ஒரு மாதம், சில இடங்களில் மூன்று மாதம். நாயை ஒப்படைத்து, முடிந்ததும் வாங்கிக்கொள்வது. வேலைப்பளு உள்ளவர்களுக்குக் கேட்கவே நிம்மதியாக இருக்கும். நாம் அதிகம் தயங்கச் சொல்லும் வழி இது.

நாய் அங்கே கற்கும் என்பதில் சந்தேகமில்லை. அந்த இடத்தில், அந்த ஆளிடம் கற்கும். வீடு திரும்பிய முதல் வாரம் புது ஒழுங்கு தெரியும், குடும்பம் பழைய பழக்கத்துக்குத் திரும்பியதும் நாயும் திரும்பும். ஒப்படைக்கும்போது ஒரு மணி நேரம் செய்துகாட்டுவது போதவே போதாது. குறைந்தது நான்கு அமர்வு, அதில் இரண்டு உங்கள் வீட்டில், நாயைக் கையாளும் அனைவரோடும் என்று எழுதி வாங்குங்கள்.

அடுத்தது நோய். பல நாய்கள் சேரும் இடத்தில் கென்னல் காஃப் என்ற தொற்று இருமலும் உண்ணியும் எளிதில் பரவும். கென்னல் காஃப் தடுப்பூசி வழக்கமான தடுப்பூசியில் எப்போதும் அடங்குவதில்லை, மருத்துவரிடம் தனியாகக் கேட்டுப் போட வேண்டும். உண்ணி மருந்தை உள்ளே விடுவதற்கு முன்பே கொடுத்திருக்க வேண்டும். திரும்பிய இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சல், சாப்பிடாமை, ஈறு வெளுப்பு தெரிந்தால் உண்ணிக் காய்ச்சலா என்று ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இந்த மருத்துவச் செலவை எந்த போர்டிங்கும் கட்டணப் பட்டியலில் காட்டாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை, முறை கண்ணில் படாதது. அடித்தும், கழுத்தை இறுக்கும் சோக் செயினைச் சுண்டி இழுத்தும், பட்டினி போட்டும் வாங்கும் கீழ்ப்படிதல் வெளியிலிருந்து பார்க்க ஒழுங்காகத்தான் தெரியும். நாயை உற்றுப் பாருங்கள். ‘டவுன்’ சொன்னதும் வயிறு தரையில் தேய ஒடுங்குகிறதா, காது பின்னால் போய் வாலைக் கால்களுக்குள் இடுக்குகிறதா, உதட்டை நக்கிக்கொண்டே கொட்டாவி விடுகிறதா, கையைத் தூக்கினால் கண்ணை மூடிக்கொள்கிறதா? அது கற்ற நாயல்ல, பயந்த நாய். பயத்தால் உறுமலை அடக்கிக்கொண்ட நாய் எச்சரிக்காமல் கடிக்கும். விலங்குகளை அடிப்பதும் வதைப்பதும் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம், பயிற்சி என்ற பெயரால் அது மாறிவிடாது. மின்னதிர்ச்சி தரும் ஷாக் காலரை வேல்ஸ் 2010-இலேயே தடை செய்தது. அமெரிக்காவின் கால்நடை நடத்தை மருத்துவர் சங்கம் 2021-இல் எல்லாப் பயிற்சிக்கும் வெகுமதி முறையையே பரிந்துரைத்தது.

எப்போது இது சரி: உங்களுக்கு அறுவை சிகிச்சை, வெளியூர்ப் பயணம், வீட்டில் கட்டட வேலை என எப்படியும் நாயை வெளியே விட வேண்டிய நிலை வந்தால். சும்மா கூண்டில் கிடப்பதைவிடத் தினமும் பயிற்சி பெறுவது மேல். அப்போதும் முன்னறிவிப்பின்றி வந்து பார்க்க அனுமதிக்காத இடத்தில் விடாதீர்கள்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | நீங்களே | வீட்டுக்கு வரும் ட்ரெய்னர் | குரூப் கிளாஸ் | போர்டிங் |
|---|---|---|---|---|
| லீஷ் உங்கள் கையில் | முழுநேரமும் | நீங்கள் கேட்டால் மட்டும் | முழுநேரமும் | ஒப்படைக்கும்போது மட்டும் |
| இடம் | வாழும் இடம் | வாழும் இடம் | மைதானம் | அந்நிய இடம் |
| வலுவாக வளர்வது | கம், நேரம் | லிஃப்ட், கேட், விருந்தாளி | பிற நாய்கள் நடுவே கவனம் | அடிப்படைக் கட்டளைகள் |
| தவறைத் திருத்துபவர் | யாருமில்லை, வீடியோ மட்டும் | உடனே ட்ரெய்னர் | சில நிமிடம் ட்ரெய்னர் | உங்கள் தவறை யாரும் பார்ப்பதில்லை |
| மறைமுகச் செலவு | தினசரி நேரம் | முன்பணம், நாயை விட்டுவிட்டு ஒதுங்கும் பழக்கம் | பயணம், வெயில் | மருத்துவம், வீட்டில் மறுபயிற்சி |
| முறை கண்ணில் படுமா | படும் | கூட இருந்தால் படும் | படும் | பெரும்பாலும் படாது |
| தவிர்க்க வேண்டிய நாய் | கடித்த நாய் | அநேகமாக எதுவுமில்லை | பாயும் நாய், ஒடுங்கும் நாய் | பிரிவைத் தாங்காத நாய், முழுத் தடுப்பூசி இல்லாத குட்டி |

## யாருக்கு எது

கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போய், தாத்தா பாட்டி நாயோடு வீட்டில் இருக்கிறார்கள் என்றால் வழி 2. ஆனால் லீஷைப் பிடிப்பது தாத்தாவாக இருக்க வேண்டும், வருகை நேரமும் அவருக்கு வசதியான நேரமாக இருக்க வேண்டும். 30 கிலோ லாப்ரடார் இழுத்தால் விழுந்துவிடக்கூடியவருக்கு முன்மார்பில் வளையம் உள்ள ஹார்னெஸ் வாங்கிவிட்டு, இழுக்காமல் நடப்பதை மட்டும் முதல் நான்கு வருகையில் எடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

தனி வீடு, தோட்டம், ராஜபாளையம் அல்லது கோம்பை, அந்நியரைக் கண்டால் சீறும் சுபாவம் என்றால் வழி 2-இல் தொடங்குங்கள். குரூப் கிளாஸ் பிறகுதான், அதுவும் அந்நியரை 5 மீட்டர் தூரத்தில் பார்த்துக்கொண்டே ட்ரீட் சாப்பிடும் அளவுக்கு அமைதி வந்த பிறகு. காவலுக்கு வளர்க்கிறோம், சீறட்டுமே என்று விட்டால் கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவருக்கும் தபால்காரருக்கும் ஆபத்து.

தத்தெடுத்த நாட்டு நாய், வந்து மூன்று மாதம், சத்தத்துக்குப் பயம் என்றால் வழி 1. வாரக்கணக்கில் மொட்டை மாடியிலேயே இருந்தாலும் பரவாயில்லை. தீபாவளிக்கு முந்தைய மாதம் புது இடம், புது நிலை எதையும் தொடங்காதீர்கள். பட்டாசுச் சத்தத்தில் தெருவோடு சேர்த்துப் பயத்தைக் கற்றுக்கொண்டால், அதை அழிக்க மாதங்கள் ஆகும்.

கையில் பணமும் குறைவு, நேரமும் குறைவு என்றால் இரண்டைக் கலக்கலாம்: ட்ரெய்னரை மாதம் ஒரே ஒருமுறை வரச் சொல்லி, சோதனைத் தாளைக் காட்டி, அடுத்த நான்கு வாரத்துக்கு வீட்டுப்பாடம் வாங்கிக்கொள்வது. பல ட்ரெய்னர்கள் பேக்கேஜாகத்தான் தருவோம் என்பார்கள். கேட்டுப் பாருங்கள், ஒத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

## முன்பணம் கட்டும் முன்

எந்த வழியானாலும் ட்ரெய்னரிடம் கேட்க வேண்டியவை: நாய் சரியாகச் செய்தால் என்ன கொடுப்பீர்கள், தப்பாகச் செய்தால் என்ன செய்வீர்கள், இரண்டு முறை செய்தும் நாய்க்குப் புரியாவிட்டால் என்ன மாற்றுவீர்கள்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கூர்ந்து கேளுங்கள். “தூரத்தைக் குறைப்பேன், இடத்தை எளிதாக்குவேன்” என்றால் விஷயம் தெரிந்தவர். “கொஞ்சம் ஸ்ட்ரிக்டா இருப்பேன்” என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

பணத்தை மூன்றாகப் பிரித்துக் கட்டுங்கள்: தொடக்கத்தில் ஒரு பங்கு, பாதி வருகை முடிந்ததும் ஒரு பங்கு, இறுதியில் ஒரு பங்கு. நடுப் பங்கைக் கொடுக்கும் முன் அதே சோதனையை அதே நான்கு இடங்களில், லீஷ் உங்கள் கையில் இருக்க, ட்ரெய்னர் பக்கத்தில் இல்லாத நேரத்தில் செய்து எழுதுங்கள். தெருவில் இரண்டாக இருந்த ‘கம்’ ஐந்தைத் தொடவில்லை என்றால் பணம் கொடுப்பதற்கு முன் அவரோடு உட்கார்ந்து, எந்த இடத்தில் எந்த அளவை அவசரப்பட்டுக் கூட்டினோம் என்று பேசுங்கள்.